ஐயாவுக்கு ரண்டு மாசமா வெளிக்குப் போற வழமை மாறிக் கிடக்கு, சூடு எண்டு விடலாமோ?

கிணத்தடிச் செவ்வந்தி | உரும்பிராய் | திங்கள் இரவு 9.40

கேக்கவே கூச்சமாக் கிடக்கு. வீட்டில கதைச்சா ஐயா எழும்பிப் போயிடுறார், வெளியில கதைச்சா ஊருக்கே தெரிஞ்சிடும். அதால இங்க கேக்கிறன்.

ஐயாவுக்கு 63 வயது. வெங்காயம், புகையிலை எண்டு தோட்டத்தோட கிடக்கிற மனிசன். வருத்தம் எண்டு படுத்ததை நான் கண்டதில்லை. காலமை அஞ்சு மணிக்குப் பிளேன்ரீ, அது முடிய ஒருக்கா வெளிக்குப் போறது, பேந்து தோட்டம். அவ்வளவுதான். இப்ப ரண்டு மாசத்துக்கு மேலயா அது குழம்பிப் போச்சு. ஒரு நாளைக்கு நாலு அஞ்சு தரம் போறார், போட்டு வந்து பத்து நிமிசத்தில திரும்பவும் போறார். இடையில ரண்டு நாள் ஒண்டுமே இல்லை.

எங்கட கக்கூசு வளவின்ர பின் மூலையில. ராவில ஆரும் அந்தப் பக்கம் போனா நாய் குலைக்கும். ஐயா டோர்ச்சோட போகத் தொடங்கின புதுசில ஒவ்வொரு ராவும் குலைச்சது. இப்ப நாய்க்கே பழகிப் போச்சு, தலையைத் தூக்கிப் பாத்திட்டுப் படுக்குது. அதைப் பாத்தாப் பிறகுதான் எனக்குப் பயம் பிடிச்சது.

போன கிழமை கோயிலுக்கு வெளிக்கிடேக்கை பாத்தன், அவற்ற பெல்றில புதுசா ஒரு ஓட்டை, ஆணியால குத்தினது. கேட்டா "வெயிலுக்க நிண்ட சூடு, வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சாச் சரி" எண்டுறார். அம்மா, "உவற்ற தேப்பனுக்கும் மூலம் இருந்தது, உதுதான்" எண்டு பாமசியில ஒரு பூச்சு மருந்து வாங்கி வைச்சிருக்கிறா. சூடோ, மூலமோ, வேறயோ? எவ்வளவு நாள் பாத்துக்கொண்டு இருக்கலாம்?


பனங்கொட்டை | கோண்டாவில் | திங்கள் இரவு 10.05

தங்கச்சி, உந்த வெயிலுக்க தோட்டத்தில நிண்டா ஆருக்கும் உப்பிடித்தான். எங்கட வீட்டில பள்ளிக்கூட லீவு விட்டா அம்மம்மா எல்லாரையும் வரிசையா இருத்தி ஆமணக்கெண்ணெய் பருக்குவா. மூக்கைப் பொத்திப் பிடிச்சு விழுங்கிறது, பேந்து ஒரு துண்டு தோடம்பழம். அண்டைக்கு முழுக்கக் கிணத்தடியும் கக்கூசுந்தான். வயிறு கழுவுப்பட்டா எல்லாம் சரி. ஐயாவுக்கும் ஒருக்காப் பேதி குடுத்துப் பாருங்கோ.


பழைய மிஸ்ஸி | ஓய்வு பெற்ற தாதி | செவ்வாய் காலை 6.15

பனங்கொட்டைத் தம்பி, கொஞ்சம் பொறும். செவ்வந்தி, இப்போதைக்குப் பேதி ஒண்டும் குடுக்க வேண்டாம். எனக்குச் சில விசயம் தெரிய வேணும், வெக்கப்படாமச் சொல்லுங்கோ.

ரத்தம் போகுதோ? போனா, எல்லாம் முடிஞ்ச பிறகு நல்ல சிவப்பாச் சொட்டுச் சொட்டா விழுகுதோ, மலத்தோட கலந்து வருதோ? போட்டு வந்த பிறகும் இன்னும் கிடக்கு எண்ட மாதிரி இருக்கோ? ராவில வெளிக்கு முட்டுறதுதான் எழுப்புதோ, இல்லாட்டி நித்திரை முறிஞ்சதால போறாரோ? என்ன குளிசை போடுறார்? குடும்பத்தில ஆருக்கும் குடல் புற்றுநோய் வந்ததோ? "தேப்பனுக்கு மூலம்" எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதை அந்தக் காலம் ஆர் பாத்துச் சொன்னது?


கிணத்தடிச் செவ்வந்தி | செவ்வாய் இரவு 8.30

மிஸ்ஸி, உங்கட கடைசிக் கேள்வியைக் கேட்டவுடனை அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு, "ஒருத்தரும் பாக்கேல்லை, எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை" எண்டா. அப்பப்பா 80களில செத்தவர். கடைசியில நல்லா மெலிஞ்சு போனவராம்.

மிச்சத்தையும் அம்மாவை விட்டுத்தான் கேட்டனான். ரத்தம் மூண்டு நாலு தரம் போனதாம், கலந்த மாதிரி, சளி மாதிரியும் ஏதோ. போட்டு வந்தாலும் முடியாத மாதிரித்தானாம். ராவில எழுப்புறதும் அந்த முட்டுத்தான். பிறசருக்கு ஒரு குளிசை மட்டும் போடுறார். இவ்வளவையும் ரண்டு மாசமா ஒருத்தருக்கும் சொல்லாம வைச்சிருந்திருக்கிறார்.


பழைய மிஸ்ஸி | செவ்வாய் இரவு 9.50

அப்ப நேரடியாவே சொல்லுறன். இந்தக் கிழமைக்குள்ள டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. ராவோட ராவா ஓடத் தேவையில்லை. ஆனா புகையிலை வெட்டி முடியட்டும் எண்டு தள்ளவும் கூடாது.

ஒரு நாளைக்கு மூண்டு தரம் போறவையும் இருக்கினம், கிழமைக்கு மூண்டு தரம் போறவையும் இருக்கினம். ரண்டும் சாதாரணந்தான். அதால பக்கத்து வீட்டுக்காரரோட எண்ணிக்கையை ஒப்பிட்டு ஒண்டும் பிடிக்கேலாது. ஒரு மனிசனுக்கு நாப்பது வருசமா இருந்த வழமை காரணம் தெரியாம மாறி, மூண்டு கிழமையாகியும் திரும்பி வரேல்லை எண்டா அதைத்தான் கவனிக்க வேணும். 50 தாண்டின ஆள் எண்டா இன்னும் கூட. ஐயாவுக்கு அதோட ரத்தம், மெலிவு, ராவில எழும்புறது, முடியாத மாதிரி இருக்கிறது. ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாச் சாட்டுச் சொல்லலாம். நாலும் ஒண்டா வந்து நிக்கேக்கை சாட்டுச் சொல்லிக்கொண்டு இருக்கேலாது.

மூலம் எண்டா ஆசனவாயில ரத்தக்குழாய் வீங்கிறது. ரத்தம் நல்ல சிவப்பா, மலத்துக்கு வெளியால, கடைசியில விழும். அனேகமா நோவு இருக்காது. வெளிக்குப் போகேக்கை போத்தில் ஓடு வெட்டின மாதிரி நோவு எண்டா அது ஆசனவாய் வெடிப்பு. ரண்டும் ஆளை மெலிய வைக்காது, ரண்டும் ராவில எழுப்பாது. இன்னொண்டு, மூலம் இருக்கிற ஆளுக்கு மேல வேற வருத்தம் வராது எண்டு எந்தச் சட்டமும் இல்லை. வாட்டில வேலை செய்த காலத்தில நான் கனக்கக் கண்டது, மூலம் எண்டு தாங்களே பேர் வைச்சு ஒரு வருசம் பூச்சுப் பூசின ஆக்களைத்தான். விரல் விட்டுப் பாக்கிற பரிசோதனை ஒரு நிமிச வேலை.

இது புற்றுநோய் எண்டு நான் சொல்லேல்லை. குடல் அழற்சி, கிருமி, சதை வளர்ச்சி எண்டு எத்தினையோ இருக்கு. பாக்காமச் சொல்லேலாது எண்டுதான் சொல்லுறன்.

போறதுக்கு முதல் ஒரு கொப்பியில எழுதச் சொல்லுங்கோ. எத்தினை தரம், ராவிலயோ பகலிலயோ, ரத்தம் கண்டதோ, எப்பிடி இருந்தது எண்டு. இங்கிலாந்தில பிரிஸ்டல் எண்ட நகரத்து ஆஸ்பத்திரியில 90களில மலத்தை ஏழு விதமாப் பிரிச்சு ஒரு அட்டவணை செய்தவை, உலகம் முழுக்க அதைத்தான் பாவிக்கினம். முதலாவது ஆட்டுப்புழுக்கை. நாலாவது இதரை வாழைப்பழம் மாதிரி வழுவழுப்பா, அதுதான் நல்லது. ஆறாவது கூழ், ஏழாவது வெறும் தண்ணி. ஐயா வாயால சொல்லக் கூச்சப்பட்டா இலக்கத்தை மட்டும் எழுதட்டும்.


பனங்கொட்டை | செவ்வாய் இரவு 10.20

சும்மா சனத்தைப் பயப்பிடுத்தாதேங்கோ மிஸ்ஸி. எங்கட பாட்டன் பூட்டன் எல்லாம் பேதி குடிச்சுத்தான் தொண்ணூறு வயது மட்டும் இருந்தவை. அந்தக் காலத்தில குடலுக்க விடுற உந்தக் கமராவும் இல்லை, ஒண்டும் இல்லை.


வடமராட்சியான் | பருத்தித்துறை | புதன் காலை 5.30

பனங்கொட்டை அண்ணை, தொண்ணூறு வயது மட்டும் இருந்தவையைத்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. செவ்வந்தியின்ர அப்பப்பா மாதிரிப் போனவையை ஆர் எண்ணினது?

நானும் உங்களை மாதிரித்தான் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். 2019 ஆம் ஆண்டு எனக்கு 51 வயது. ரத்தம் கண்டது. ஒரு இடத்தில சாறத்தைக் கூட இளக்கச் சொல்லாம மூலம் எண்டு எழுதித் தந்தவை, பேர் வேண்டாம். நானும் சந்தோசமா வந்திட்டன், எனக்கும் ஆரும் பாக்காமல் விட்டால் காணும் எண்டுதான் இருந்தது. எட்டு மாசம் அதை இதைப் பூசி, கருணைக்கிழங்கு திண்டு, வேப்பெண்ணெய் தடவி ஓட்டினன். ஒரு நாள் வயிறு மத்தளம் மாதிரி ஊதி, காத்துக் கூடப் பிரியேல்லை, சத்தி. ஆசுப்பத்திரியில ராவோட வெட்டினவை. இப்ப வயித்தில இடப்பக்கம் ஒரு பை. அதுக்குள்ளாலதான் போறது, சாகுமட்டும்.

சொல்லி அழ வரேல்லை. சேட்டைச் சாறத்துக்கு வெளியால விட்டா பை ஆருக்கும் தெரியாது. கடையில நிக்கிறன், சைக்கிள் ஓடுறன், வல்லிபுரக்கோயில் கடல் தீர்த்தத்துக்கும் போனனான். ஆனா அந்த எட்டு மாசத்தை ஆரும் திருப்பித் தர மாட்டினம்.

பேதியைப் பற்றி ஒண்டு. குடல் ஒரு இடத்தில ஒடுங்கி இருக்கேக்கை மேலால பேதியைக் குடுத்தா அடைப்புக் கூடும். எனக்கு அண்டு வயிறு ஊதினது, நிலாவாரை அவிச்சுக் குடிச்ச அடுத்த நாள். அதாலதான் எண்டு நான் சத்தியம் பண்ணேல்லை. ஆனா மறக்கவும் இல்லை.


பழைய மிஸ்ஸி | புதன் காலை 7.10

தம்பி சொன்னதோட சேத்து ஒண்டு எழுதிவிடுறன், வேற ஆக்களும் வாசிப்பினம். கிளினிக் நாள் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாதது எது எண்டா: வயிறு ஊதி, நோவோட சத்தியும் எடுத்து, மலமும் காத்தும் போகாம நிக்கிறது. ரத்தம் நிக்காமப் போறது. தார் மாதிரிக் கறுப்பா, ஒட்டுப்பிடிச்சு, ஒரு விதமா நாறிக்கொண்டு போறது, அதோட தலைச்சுத்து. நாரி நோவோட கவட்டுப் பக்கம் விறைச்சு, மலமோ சலமோ அடக்கேலாமப் போறது. இதுகளுக்கு 1990 எண்ட இலக்கத்துக்குப் போன் அடிச்சா அம்புலன்ஸ் வாசலுக்கு வரும், காசில்லை. ஓட்டோ தேடிக்கொண்டு நிக்காதேங்கோ.


சுன்னாகச் சந்தை | புதன் மதியம் 1.20

மிஸ்ஸி, கறுப்பு எண்டோடனை எனக்கு நெஞ்சு இடிக்குது. அம்மாவுக்கு ரண்டு கிழமையாக் கறுப்பாத்தான் போகுதாம், இறுக்கமும். ரத்தம் குறைவு எண்டு கிளினிக்கில குளிசை குடுத்தவை.


பழைய மிஸ்ஸி | புதன் மதியம் 2.00

அது இரும்புக் குளிசை. போடுற அனேகம் பேருக்குக் கறுக்கும், ஒரு கரும்பச்சை. உதிரியாவோ கட்டியாவோ இருக்கும், தார் மாதிரி ஒட்டாது. பீற்றூட், சிவப்பு டிராகன் பழம் திண்டாலும் அடுத்த நாள் சிவப்பாப் போய் ஆளைப் பயப்பிடுத்தும்.

இறுக்கமும் அந்த இரும்பாலதான் இருக்க வேணும். கல்சியக் குளிசை, கொடீன் கலந்த நோக் குளிசை, சில பிறசர்க் குளிசையும் உப்பிடி இறுக்கும். சீனி வருத்தத்துக்குப் போடுற மெற்போமினோ மறுபக்கம், இளக்கி விடும். வழமை மாறினா முதல் குளிசைப் பையைக் கொட்டிப் பாருங்கோ, கடைசியாப் புதுசா என்ன சேந்தது எண்டு. தாங்களா நிப்பாட்டக் கூடாது, கேட்டு மாத்தலாம்.

ஆனா அம்மா முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனாக் மாதிரி ஏதும் தொடர்ந்து போடுறாவோ? போட்டா, கறுப்பு உண்மையிலயே தார் மாதிரியோ எண்டு ஒருக்கா நீங்களே பாருங்கோ. அந்தக் குளிசையள் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும்.


குரும்பட்டி | திருநெல்வேலி | புதன் மாலை 5.45

எனக்கு 23. கம்பஸ். சோதனை வந்தா வயித்தை முறுக்கி மூண்டு தரம் ஓட வேணும், போனா நோவு குறையும். ரண்டு வருசமா இப்பிடி. இங்க வாசிச்சு எனக்கும் புற்றுநோய் எண்டு முடிவே கட்டிட்டன்.


பழைய மிஸ்ஸி | புதன் மாலை 6.30

முடிவு கட்டினதை அவிழ்த்து விடும் தம்பி. ராவில நித்திரையால எழுப்புதோ? ரத்தம்? மெலிவு? காய்ச்சல்?


குரும்பட்டி | புதன் மாலை 6.41

ஒண்டும் இல்லை மிஸ்ஸி. லீவுக்கு வீட்டை போனா அம்மாவின்ர புட்டோட எல்லாம் சரியாயிடும். நிறை கூடியிருக்கு.


பழைய மிஸ்ஸி | புதன் மாலை 6.55

அப்ப அது குடல் எரிச்சல் நோய் எண்டுற வகையா இருக்கலாம். குடலில புண்ணோ கட்டியோ இராது, குடலுக்கும் மூளைக்கும் இடையில நடக்கிற இழுபறி. பொய் வருத்தம் இல்லை, நோவு உண்மை. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டி ஒரு ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும். அந்த ஏழு எட்டுத் தேத்தண்ணியையும் ராத்திரிக் கொத்துரொட்டியையும் குறையும். ஆனா இதே கதையை 60 வயது ஆள் புதுசா வந்து சொன்னா, பாக்காம அந்தப் பேரை வைக்க நான் விட மாட்டன்.


பனங்கொட்டை | புதன் இரவு 9.15

ஏழு எட்டுத் தேத்தண்ணி எண்டு மிஸ்ஸிக்கு ஆர் சொன்னது?


பழைய மிஸ்ஸி | புதன் இரவு 9.20

கம்பஸ் பெடியன் எண்டு அவரே சொன்னவர்.


நல்லூர் மேற்கு | வியாழன் காலை 10.10

அம்மம்மாவுக்கு 88, படுக்கையில. ஒரு கிழமையா வயித்தாலை போகுது, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி மாதிரி, தெரியாமலே போகுது. நிப்பாட்டுற குளிசை ஒண்டு வாங்கிக் குடுக்க யோசிக்கிறம். வாங்கலாமோ?


பழைய மிஸ்ஸி | வியாழன் காலை 10.25

குடுக்காதேங்கோ! அதுக்கு முதல் அவ எப்ப ஒழுங்காப் போனவ?


நல்லூர் மேற்கு | வியாழன் காலை 10.50

யோசிச்சுப் பாத்தா ரண்டு கிழமைக்கு மேல.


பழைய மிஸ்ஸி | வியாழன் காலை 11.15

அப்ப இது வயித்தாலை போறது இல்லாம இருக்கலாம். அசையாமப் படுத்திருக்கிற ஆக்களுக்கு மலம் இறுகிக் கல்லாய் அடியில நிண்டிடும். மேலால வாற இளக்கமான தண்ணி அந்தக் கல்லைச் சுத்திக் கசிஞ்சு வரும். பாக்கிற ஆக்கள் வயித்தோட்டம் எண்டு நினைச்சு நிப்பாட்டுற மருந்தைக் குடுப்பினம், அடியில நிக்கிறது இன்னும் இறுகும். வயோதிபர் சிலருக்கு இதால சலமும் கட்டும், புத்தியும் தடுமாறும். டொக்டரோ பொதுச் சுகாதாரத் தாதியோ வந்து விரலால பாத்தாத் தெரியும். இண்டைக்கே கூப்பிடுங்கோ.

உண்மையான வயித்தாலை எண்டா வேற கதை. மழை விட்ட கையோட எங்கட பக்கம் வாறது அனேகமா தண்ணியால. நிலத்துக்குக் கீழ சுண்ணக்கல், வெடிப்பும் ஓட்டையும். மலகூடக் குழியில விட்டது பக்கத்துக் கிணத்துக்குப் போக நாள் எடுக்காது. தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ. ஜீவனி எண்ட உப்புச்சீனிக் கரைசல் பைக்கற் ஒண்டை ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில முழுசாக் கரைச்சு, 24 மணித்தியாலத்துக்குள்ள குடிச்சு முடிக்க வேணும், மிச்சத்தை ஊத்திவிடுங்கோ. அரைப் பைக்கற் அரைக் கிளாசில கரைக்கிறது பிழை. சலம் குறைஞ்சாலோ, நாக்கு வறண்டாலோ, பிள்ளை சோர்ந்து படுத்தாலோ, காய்ச்சலோட ரத்தமும் போனாலோ வீட்டில வைச்சிருக்காதேங்கோ.


முற்றத்து மா | மானிப்பாய் | வியாழன் மதியம் 12.30

பொம்பிளைப் பிள்ளையளும் வாசிக்கிற இடத்தில உந்தக் கதையள் தேவையோ? சாப்பிட இருக்கேக்கை திறந்தன், மூடிப்போட்டன்.


மட்டுறுத்துநர் | வியாழன் மதியம் 12.50

தலைப்பைப் பார்த்துவிட்டுத் திறக்காமல் விடலாம். இழை தொடரும்.


ஸ்காபரோ மாமி | வியாழன் இரவு 11.55

பொம்பிளைப் பிள்ளையள் வாசிக்கக் கூடாதோ? எங்களுக்குக் குடல் இல்லையோ? என்ர தமக்கை ஊரில ஆம்பிளை டொக்டர் எண்டு வெக்கத்தில ரண்டு வருசம் சொல்லாம இருந்தவ. பொம்பிளை நேர்ஸ் ஒராள் பக்கத்தில நிக்க வேணும் எண்டு கேக்கலாம், கேக்கிறது உரிமை. அது அவவுக்குத் தெரியாது.

இங்க ஒன்ராறியோவில 50 இலயிருந்து 74 வயது மட்டும் ரண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒரு சின்னக் குழாய் வீட்டுக்கு வரும். குச்சியால கொஞ்சம் தொட்டு, குழாயில போட்டுத் தபாலில அனுப்புறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கோ எண்டு பாப்பினம். முதல் முறை எனக்கு வந்த உறையை அலுமாரிக்கு மேல ஆறு மாசம் வைச்சிருந்தனான், தொட அருவருப்பு. பிறகு மகள் பேசி அனுப்ப வைச்சவ. இங்கிலாந்திலயும் இப்ப 50 இலயிருந்து அனுப்பினமாம்.

செவ்வந்தி, இது முக்கியம். தாய் தேப்பன், கூடப் பிறந்தவை ஆருக்கும் குடல் புற்றுநோய் வந்தா, அந்தக் குழாய் காணாது, கமரா விட்டுப் பாக்க வேணும் எண்டு இங்க சொல்லுவினம். 50 வயதில, இல்லாட்டி அவைக்கு வருத்தம் பிடிபட்ட வயதுக்குப் பத்து வருசம் முந்தி. எது முந்தி வருதோ அப்ப. ஆனா ரத்தம் கண்ட ஆளுக்கு உந்தக் குழாய்க் கதை இல்லை, நேர டொக்டர்தான்.


கிணத்தடிச் செவ்வந்தி | சனி இரவு 8.00

ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். வர மாட்டன் எண்டு நிண்டவர். கடைசியில அம்மா, "உங்கட பிறசர்க் குளிசை முடியுது, வாங்கோ" எண்டு ஏத்தினவ. பொய்தான்.

கொப்பி வேலை செய்தது மிஸ்ஸி. வெங்காயக் கணக்குக் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில எழுதியிருந்தவர். "6, 6, ரா 2, சி" எண்டு. "சி" எண்டா சிவப்பாம். டொக்டர் முதல் "எப்பிடி இருக்கிறீங்கள்" எண்டு கேட்டவர், ஐயா "சுகம்" எண்டார். நான் கொப்பியை எடுத்து நீட்டினன். டொக்டர் ரண்டு பக்கமும் பிரட்டிப் பாத்து, வெங்காயம் கிலோ என்ன விலைக்குக் குடுத்தனீங்கள் எண்டும் கேட்டவர். அதுக்குப் பிறகுதான் ஐயா வாய் திறந்தது.

விரல் விட்டுப் பாத்தவர். ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 9.4. இரும்பும் குறைவு. ஆம்பிளைக்கு இரும்பு குறைஞ்சா சாப்பாட்டைக் குற்றம் சொல்ல முதல் எங்கயோ கசியுது எண்டு தேட வேணும் எண்டவர். கடிதம் தந்து பெரியாஸ்பத்திரிச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறார். இரும்புக் குளிசையும் தந்தவர்.


பழைய மிஸ்ஸி | சனி இரவு 8.40

நல்லம். கொலனொஸ்கொப்பிக்கு, அதுதான் குடலுக்க கமரா விட்டுப் பாக்கிறதுக்கு, நாள் குடுத்தா அந்த இரும்புக் குளிசையை ஒரு கிழமைக்கு முதலே நிப்பாட்டச் சொல்லுவினம், குடலுக்க கறுப்பா ஒட்டிக் கமராவை மறைக்கும். அவை சொல்ல மறந்தா நீங்கள் கேளுங்கோ. அஸ்பிரினோ, ரத்தம் இளக்கிற குளிசையோ, சீனிக் குளிசையோ போடுற ஆக்களும் முன்னமே சொல்ல வேணும். கடைசி ரண்டு மூண்டு நாளும் கீரை, முருங்கைக்காய், தக்காளி விதை, தவிட்டரிசி வேண்டாம். வெள்ளைச் சோறும் முட்டையும் மீனும். வாழ்க்கையில முதல் தரமா ஒரு நேர்ஸ் கீரை வேண்டாம் எண்டு சொல்லுறன், எழுதி வையுங்கோ.


பனங்கொட்டை | சனி இரவு 9.05

செவ்வந்தி, பேதி குடுக்கச் சொல்லி நான் எழுதினதை விட்டுத்தள்ளுங்கோ. ஆனா சும்மா மலச்சிக்கலுக்கு எங்கட சாப்பாட்டை ஒண்டும் அடிக்கேலாது எண்டதில நான் மாற மாட்டன். குரக்கன் புட்டு, ஒடியல் கூழ், பப்பாப்பழம், ராவில ஊறப்போட்ட முந்திரிகை வத்தல். குந்தி இருக்கிற கக்கூசை உடைச்சுக் கொமட் வைச்சாப் பிறகுதான் சனம் முக்கத் தொடங்கினது.


பழைய மிஸ்ஸி | சனி இரவு 9.15

உதில ஒரு சொல்லும் பிழையில்லைத் தம்பி. கொமட் வைச்ச ஆக்கள் காலுக்குக் கீழ ஒரு சின்னப் பலகைக்கட்டை வைச்சு முழங்காலை உயர்த்தி இருந்தா அதே சுகம் வரும். நாரைக் கூட்டினா தண்ணியையும் கூட்ட வேணும். நார் மட்டும் போய்த் தண்ணி போகாட்டி இன்னும் இறுகும்.


கிணத்தடிச் செவ்வந்தி | மூன்று கிழமைக்குப் பிறகு, வெள்ளி இரவு 7.30

நேற்றுக் கமரா விட்டவை. முதல் நாள் பின்னேரம் தொடக்கம் அந்தத் தண்ணி மருந்து. உப்புக் கரைச்ச தோடம்பழச் சாறு மாதிரியாம். நாலாவது கிளாசோட ஐயா, "அந்தப் பனங்கொட்டையின்ர அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, ஆமணக்கெண்ணெய் இதைவிடத் திறம்" எண்டார். நான் இங்க எழுதிறது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. பேசேல்லை.

ஊசி போட்டு அரை மயக்கத்திலதான் செய்தவை, நோவு இல்லையாம். அடியில, ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேல ஒரு வளர்ச்சி. துண்டு எடுத்து அனுப்பியிருக்கினம். மேல ரண்டு சின்னச் சதை வளர்ச்சி, அதை அங்கயே வெட்டி எடுத்தவை. இப்பிடிச் சின்னதா இருக்கேக்கை எடுத்துவிட்டா அது பேந்து புற்றுநோயா மாற வழியில்லையாம். பெரிசும் ஒரு காலத்தில இப்பிடிச் சின்னனாத்தான் இருந்திருக்கும், அனேகமாப் பத்து வருசத்துக்கு முதல் எண்டார் டொக்டர். பத்து வருசத்துக்கு முதல் ஐயா இந்த வீட்டுக்குக் கிணறு இறைச்சுக்கொண்டு நிண்டவர்.


கிணத்தடிச் செவ்வந்தி | அடுத்த மாதம், புதன் இரவு 9.10

றிப்போட் வந்திட்டுது. புற்றுநோய்தான். ஸ்கான் எடுத்ததில ஈரலுக்கும் நெஞ்சுக்கும் பரவேல்லை எண்டு சொல்லியிருக்கினம். முதல் தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினம், அங்க வைத்தியம் செய்து வளர்ச்சியைச் சுருக்கிப்போட்டுப் பிறகு வெட்டுறதாம். வெட்டேக்கை கொஞ்ச மாசத்துக்குப் பை வைக்க வேண்டி வரலாம், பேந்து திருப்பி மூடலாம் எண்டினம்.

எனக்கு 34, அண்ணாவுக்கு 38. எங்கள் ரண்டு பேரையும் எப்ப பாக்க வேணும் எண்டும் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன்.

ஐயாவுக்குப் புற்றுநோய் எண்ட சொல்லு பெரிசாத் தெரியேல்லை. பை எண்ட சொல்லுத்தான் விழுத்தினது. "பையோட கோயிலுக்குப் போகலாமோ, தோட்டத்துக்க குனியலாமோ" எண்டு ரண்டு நாளா ஒரே கேள்வி. சாப்பிடவும் இல்லை.


ஸ்காபரோ மாமி | புதன் இரவு 10.30

பிள்ளை, தெல்லிப்பழைப் பிரிவுக்கெண்டு 2011 இல தெற்கில தெய்வேந்திரமுனையிலயிருந்து வடக்கில பருத்தித்துறை மட்டும் சனம் நடந்து காசு சேத்தது. நாங்களும் இங்கயிருந்து கொஞ்சம் குடுத்தனாங்கள். கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ராவு பஸ்ஸில ஏத்திக்கொண்டு ஓடின காலத்தை நினைச்சா, வீட்டிலயிருந்து அரை மணித்தியாலத்தில போய் வரலாம் எண்டுறதே பெரிய ஆறுதல்.


வடமராட்சியான் | வியாழன் காலை 5.20

குனியலாம். நான் போன மாரிக்கு மிளகாய்க் கண்டு நட்டனான், ஒண்டும் கழரேல்லை. கோயிலுக்கும் போகலாம். ஆனா ஐயாவுக்கு இதை நீங்கள் வாசிச்சுக் காட்டி ஒண்டும் ஆகாது. கண்ணால கண்டாத்தான் நம்புவார், நானும் அப்பிடித்தான் இருந்தனான்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாறன், வீடு எங்க எண்டு தனிமடலில போடுங்கோ. பை எப்பிடி மாத்திறது எண்டு ஐயாவுக்கு மட்டும் தனியாக் காட்டுறன். பிளேன்ரீ காணும், வேற ஒண்டும் செய்ய வேண்டாம். நாயை மட்டும் கட்டி வையுங்கோ, அது ஐயாவுக்குத்தான் பழகியிருக்கு.